புரோகிராம் ஏற மறுக்கும் போர்டு: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் லேபில் என் மேஜையில் காபி டம்ளர் வைக்கக்கூட இடம் இருக்காது. இறுதியாண்டு புராஜெக்ட் காலம். யூனோ, நானோ (இரண்டும் ஆர்டுயினோ ரகம்), ஈஎஸ்பி32 மாதிரி, புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளைக் கொண்டுவந்து, "சார், போர்டு செத்துப்போச்சு" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி வருபவற்றில் உண்மையிலேயே செத்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கேபிள், தப்பாகத் தேர்ந்தெடுத்த மெனு, கழற்ற மறந்த ஒரு ஒயர். ஆனால் பிள்ளைகள் ஆரம்பிப்பது எப்போதும் கடைசிப் படியிலிருந்து. விண்டோஸையே மறுபடி ஏற்றியிருப்பார்கள், புது புரோகிராமர் (சிப்பில் புரோகிராமை எழுதும் கருவி) ஆர்டர் போட்டிருப்பார்கள்; கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: சென்சார், ரிலே, டிஸ்பிளே எல்லாவற்றையும் கழற்றி, போர்டை மொட்டையாக வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

## கேபிள் செருகினால் ஒரு விளக்கும் எரியவில்லை

வேறு கேபிள், வேறு யுஎஸ்பி துளை. ஹப் வேண்டாம், லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். முன்பு ஷார்ட் ஆகியிருந்தால் லேப்டாப் அந்தத் துளைக்கே கரண்டை நிறுத்தியிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்.

டைப்-சி துளை உள்ள மலிவு போர்டுகளில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தத் துளைக்கு இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். சில போர்டுகளில் அதை மிச்சம் பிடித்திருப்பார்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளைப் போட்டால் அதற்குக் கரண்டே வராது. ஒரு முனை பழைய டைப்-ஏ ஆன கேபிளைப் போட்டால் உடனே எரியும்.

இன்னும் இருட்டுதான் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, கண்டின்யூட்டியில் வைத்து 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடுங்கள். ஒரு நொடி கத்தி அடங்கினால் அது கப்பாசிட்டர், பரவாயில்லை. விடாமல் கத்தினால் ஷார்ட். சால்டர் செய்த பின்களுக்கு நடுவே ஈயத் துளி, மேஜையில் கிடந்த கம்பித் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். யூனோவில் யுஎஸ்பி பக்கம் 500 மில்லி ஆம்பியர் தானியங்கி ஃப்யூஸ் இருக்கிறது. ஷார்ட்டை நீக்கிவிட்டு ஆற விட்டால் அது தானாக மீளும், மாற்றத் தேவையில்லை.

நானோவில் வேறு கதை. யுஎஸ்பி 5 வோல்ட்டுக்கும் போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன ஷாட்கி டயோடு இருக்கிறது. 5 வோல்ட் பின்னிலிருந்து இரண்டு சர்வோ மோட்டாரை இழுத்தால் முதலில் போவது அந்த டயோடுதான். கேபிள் செருகியபடி டயோடின் இரண்டு முனைகளிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். ஒரு பக்கம் 5, மறுபக்கம் சுத்தமாக இல்லை என்றால் ஆளைப் பிடித்தாகிவிட்டது. சால்டரிங் பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை.

டயோடு நன்றாக இருந்தும் எரியவில்லையா? சிப்களின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். எது சுடுகிறதோ அது போயிருக்கிறது. யூனோவில் சாக்கெட்டில் உட்காரும் 28 கால் ஏடிமெகா328பி சுட்டால் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றை உட்கார வைக்கலாம். போர்டோடு ஒட்டிச் சால்டர் செய்த சிப் எதுவாக இருந்தாலும் ஹாட் ஏர் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் கருவி) உள்ளவரிடம்தான் போக வேண்டும். 200, 300 ரூபாய் நானோவுக்கு அது கட்டுப்படி ஆகாது.

## விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் போர்ட் (போர்டோடு பேசும் வழி) இல்லை

### செருகும்போது 'டிங்' சத்தமே வரவில்லை

சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். உள்ளே இரண்டே ஒயர், டேட்டா ஒயர் கிடையாது. போர்டுக்குக் கரண்ட் வரும், பேச்சு வராது. முனை பொருந்துமானால் அதே கேபிளில் உங்கள் போனை லேப்டாப்பில் செருகுங்கள். ஃபைல் மாற்றும் மெனு வரவில்லை என்றால் கேபிள்தான். அப்படிப்பட்ட கேபிளைக் கண்டுபிடித்தால் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். நான் சும்மா டப்பாவில் திருப்பிப் போட்டுவிட்டு, மறுநாள் அதையே எடுத்து அரை மணி நேரம் அலைந்திருக்கிறேன். இப்போது எங்கள் டப்பாவில் முடிச்சுப் போட்ட கேபிள் ஏழு கிடக்கிறது.

கேபிள் நல்லது என்றால் துளையை விரலால் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். போர்ட் வந்து வந்து போனால் துளையின் கால் விட்டிருக்கிறது. ஈயத்தை மறுபடி உருக்கிவிட்டால் போதும். மைக்ரோ யுஎஸ்பி துளை செம்புத் தகட்டோடு பிய்ந்து வந்திருந்தால் நீங்கள் முயல வேண்டாம்.

### டிவைஸ் மேனேஜரில் 'அன்நோன் டிவைஸ்' என்று வருகிறது

சிப் ஏதோ பேச முயல்கிறது, பேச்சு தெளிவாக இல்லை. நீளக் கேபிள், தளர்ந்த துளை இந்த இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள். மூன்று கேபிள், இரண்டு கம்ப்யூட்டர் பார்த்தும் அதேதான் என்றால் யுஎஸ்பி சிப் பழுது.

### பெயர் வருகிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்

டிரைவர். யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் உள்ள சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் படியுங்கள். சிஎச்340, சிபி2102, சிஎச்9102 ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேறு. சிப்பைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். நேற்று வரை ஓடி, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால் டிவைஸ் மேனேஜரிலேயே 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பாருங்கள்.

### உபுண்டுவில் போர்ட் வந்த வேகத்தில் மறைகிறது

இதற்கு நான் ஒரு முழு மதியம் கொடுத்திருக்கிறேன். உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற சேவை, சிஎச்340 சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்ளும். கெர்னல் லாகைப் பார்த்தால் அந்தப் பெயர் அப்படியே தெரியும். உங்கள் கம்ப்யூட்டரில் பிரெய்ல் கருவி யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். போர்ட் தெரிகிறது, ஆனால் 'பர்மிஷன் டினைட்' என்றால் உங்கள் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் "சேத்துட்டேன் சார், இன்னும் வரல" என்பவர்கள் வருடத்துக்கு நாலு பேர்.

## போர்ட் இருக்கிறது, 'நாட் இன் சிங்க்' என்கிறது (யூனோ, நானோ)

அதிகம் வருவது இதுதான், அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். பத்து முறை முயன்று பத்து சிவப்பு வரி காட்டும். அதன் பொருள், 'நான் கூப்பிட்டேன், அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை' என்பது மட்டுமே. ஏன் பதில் இல்லை என்று அது சொல்லாது.

நானோ என்றால் ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் புராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதை மாற்றிப் பாருங்கள். பூட்லோடர் என்பது உங்கள் புரோகிராமை வாங்கிச் சிப்பில் எழுத, சிப்பிலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன புரோகிராம். 2018 முதல் வந்த ஆர்டுயினோ நிறுவன நானோக்களில் புது பூட்லோடர், அது 115200 வேகத்தில் பேசும். பழையது 57600. கடையில் கிடைக்கும் குளோன்களில் (நகல் போர்டுகளில்) பெரும்பாலும் பழையதுதான் இருக்கிறது. வேகம் ஒத்துவராவிட்டால் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருப்பார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இந்த ஒரு கிளிக்கிலேயே சரியாகிப் போன நானோக்களுக்குக் கணக்கே இல்லை.

0, 1 பின்களில் ஏதாவது இருக்கிறதா? புளூடூத் மாட்யூல், ஜிஎஸ்எம் மாட்யூல் இரண்டும் வழக்கமாக அங்கேதான் உட்காரும். புரோகிராம் ஏறுவதும் அதே இரண்டு கம்பி வழியாகத்தான். கழற்றிவிட்டு ஏற்றி, பிறகு மாட்டுங்கள். 'மொட்டை போர்டு' என்று முதலிலேயே சொன்னேன். ஷீல்டு (போர்டின் மேலேயே செருகும் துணை போர்டு) மாட்டியவர்கள் அதை ஒயராகக் கணக்கில் எடுப்பதில்லை.

வேறு ஏதாவது போர்ட்டைப் பிடித்திருக்கிறதா? இன்னொரு சன்னலில் திறந்து கிடக்கும் சீரியல் மானிட்டர் (போர்டோடு எழுத்தில் பேசும் சன்னல்), பைத்தான் ஸ்கிரிப்ட். இதற்குப் பெரும்பாலும் 'ஆக்சஸ் டினைட்' என்று வேறு செய்தி வரும்.

இதெல்லாம் இல்லையென்றால் ரீசெட் பட்டனை அழுத்தி விட்டு, 'எல்' என்று எழுதியிருக்கும் விளக்கைப் பாருங்கள். சட்டென்று சில முறை மினுக்கினால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் தானியங்கி ரீசெட் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகிக்கலாம். அப்லோட் கொடுத்து, கம்பைல் முடிந்து 'அப்லோடிங்' என்று மாறும் அந்த நொடியில் ரீசெட்டை ஒரு தட்டுத் தட்டுங்கள். ஏறிவிட்டால் யுஎஸ்பி சிப்புக்கும் ரீசெட் பின்னுக்கும் நடுவே உள்ள 100 நானோஃபாரட் கப்பாசிட்டர்தான் விட்டிருக்கிறது. அவசரம் என்றால் தட்டித் தட்டியே புராஜெக்டை முடித்துவிடலாம்.

மினுக்கவில்லையா? இப்போது கோளாறு எந்தப் பாதியில் என்று பிரிக்க வேண்டும். ஒரு ஜம்பரால் ரீசெட்டைக் கிரவுண்டில் இணையுங்கள். இன்னொன்றால் 0-ஐயும் 1-ஐயும் சேருங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து உங்கள் பெயரை அடித்து அனுப்புங்கள்.

- பெயர் திரும்பி வந்தால் யுஎஸ்பி பக்கம் சுத்தம். பிரச்சினை பெரிய சிப்பில் (உங்கள் புரோகிராம் ஓடும் முக்கியச் சிப்), அல்லது அதிலுள்ள பூட்லோடரில்.
- வரவில்லை என்றால் யுஎஸ்பி சிப் போய்விட்டது. பெரிய சிப் நன்றாக இருக்கலாம்; ஐஎஸ்பி (யுஎஸ்பி சிப் இல்லாமல், புரோகிராமரால் நேராகப் பெரிய சிப்பில் எழுதும் முறை) வழியாகப் புரோகிராம் ஏற்றிக்கொண்டு பல வருடம் ஓட்டலாம்.

பூட்லோடரை மறுபடி எழுத இன்னொரு யூனோ போதும். அதில் 'ஆர்டுயினோ ஐஎஸ்பி' எடுத்துக்காட்டை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு (முன்பு அல்ல) அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைச் செருகுங்கள், மைனஸ் கால் கிரவுண்டில். இல்லாவிட்டால் புரோகிராமராக இருக்க வேண்டியதே ரீசெட் ஆகிவிடும். அப்புறம் 11, 12, 13 பின்களை மறு போர்டின் அதே எண்களுக்கும், 10-ஐ மறு போர்டின் ரீசெட்டுக்கும், 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் அவற்றுக்கும் இணைத்து 'பர்ன் பூட்லோடர்'.

மெகா 2560 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. அதன் பழைய பூட்லோடர், வரும் தரவில் மூன்று ஆச்சரியக்குறி சேர்ந்து வந்தால் தன் சொந்த மானிட்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் ஸ்கெட்சில் (ஆர்டுயினோ புரோகிராமில்) 'எரர்!!!' என்று எழுதியிருந்தால் இரண்டு குறியை அழித்துப் பாருங்கள்.

## ஈஎஸ்பி32: 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாகப் போய் நின்றுவிடுகிறது

புள்ளி ஓடத் தொடங்கியதும் போர்டில் உள்ள 'பூட்' பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எழுதத் தொடங்கியதும் விடுங்கள். ஏறினால் போர்டு நலம். ஒவ்வொரு முறையும் பிடிக்க வேண்டியிருந்தால் 'ஈஎன்' பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் வையுங்கள், பெரும்பாலான போர்டுகளில் அதோடு தொல்லை தீரும்.

பிடித்தும் ஏறவில்லையா? அப்லோட் வேகத்தை 921600-லிருந்து 115200-க்குக் குறையுங்கள். கேபிள் குட்டையாக, தடிமனாக இருக்கட்டும். இந்தச் சிப் வைஃபை தொடங்கும்போது ஒரு வீச்சில் நிறைய ஆம்பியர் இழுக்கும். சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' என்ற சொல்லைப் பார்த்தால் கோடில் தேடாதீர்கள், கரண்டில் தேடுங்கள்.

பின்களுக்கு வருவோம். எழும்பும்போது இந்தச் சிப் சில பின்களைப் பார்த்துத்தான் என்ன செய்வது என்று முடிவெடுக்கும். 0-ஆம் பின் தாழ்ந்திருந்தால் (கிரவுண்ட் அளவில் இருந்தால்) புரோகிராம் ஏற்றும் நிலை, அப்போது 2-ஆம் பின்னும் தாழ்ந்தோ சும்மாவோ இருக்க வேண்டும். 12-தான் வில்லன். எழும்பும்போது அது உயர்ந்திருந்தால் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் கொடுத்துவிடும். வழக்கமான மாட்யூல்களில் ஃப்ளாஷ் 3.3 வோல்ட் ரகம். அதால் பேச முடியாது.

போன வருடம் ஒரு பெண் மூன்று ஈஎஸ்பி32 வாங்கி மூன்றையும் செத்தது என்று கொண்டுவந்தாள். வீட்டு விளக்கை போனில் அணைக்கும் புராஜெக்ட், நான்கு ரிலே.

"எந்தப் பின்னும்மா?"

"12, 13, 14, 27 சார். வரிசையா இருந்துச்சு, அதான்."

கடையில் கிடைக்கும் ரிலே மாட்யூல் தாழ்ந்தால் இயங்கும் ரகம், அதன் இன்புட் சும்மா இருக்கும்போது மேலே இழுத்தபடியே இருக்கும். 12-ஐக் கழற்றி 26-இல் செருகினாள். மூன்று போர்டும் எழுந்தன.

'இன்வாலிட் ஹெடர்' என்று வரிசையாக ஓடினால் அதுவும் சாவு அல்ல. ஃப்ளாஷ் காலியாக இருக்கிறது, ஒரு புரோகிராமை ஏற்றுங்கள்.

## எஸ்டிஎம்32 ப்ளூ பில்: 'நோ டார்கெட்' என்கிறது எஸ்டி-லிங்க்

### ஒரு முறைகூட ஏறியதில்லை

எஸ்டி-லிங்க் என்பது இந்தச் சிப்புக்கான புரோகிராமர். நான்கு ஒயர்தான்: டேட்டா, கிளாக், கிரவுண்ட், 3.3 வோல்ட். மலிவான குச்சி எஸ்டி-லிங்குகளில் பின் வரிசை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. இணையத்துப் படத்தை நம்பாமல் உங்கள் குச்சியின் உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒயர் ஒரு சாண் நீளம் போதும். ஐடி கோடு 1-இல் தொடங்காமல் 2-இல் தொடங்குகிறது என்று ஓபன்ஓசிடி (எஸ்டி-லிங்க் வழியாகச் சிப்போடு பேசும் மென்பொருள்) புகார் செய்தால் போர்டில் இருப்பது குளோன் சிப். அமைப்புக் கோப்பில் ஐடி சோதனையைத் தளர்த்தினால் பேசும்.

### முதல் முறை ஏறியது, அடுத்த முறை ஏறவில்லை

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் காரணம் தெரிந்துவிடும். கியூப்எம்எக்ஸில் (எஸ்டிஎம்32 சிப்பின் பின்களை அமைக்கும் மென்பொருள்) 'டீபக்' என்ற இடத்தை 'சீரியல் ஒயர்' என்று மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் புரோகிராம் ஓடத் தொடங்கியதும் புரோகிராமர் நுழையும் கதவையே பூட்டிவிடுகிறது. 'பூட்0' ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் தட்டுங்கள். உங்கள் புரோகிராம் ஓடாது, கதவு திறந்திருக்கும். இணைத்து, முழுச் சிப்பையும் அழித்து, ஜம்பரைத் திருப்பி வையுங்கள். ஜம்பரை அசைக்க முடியாவிட்டால் ரீசெட்டைக் கையால் அழுத்திப் பிடித்து, 'கனெக்ட்' கொடுத்த மறுகணம் விடுங்கள். நான்கு ஐந்து தடவை தவறும், பிறகு கைவந்துவிடும்.

## ஐஎஸ்பி-யில் சிக்னேச்சர் எல்லாம் பூஜ்யம் (தனி ஏவிஆர் சிப்)

ஏவிஆர் என்பது ஏடிமெகா328பி போன்ற சிப்களின் குடும்பம்; சிக்னேச்சர் என்பது சிப் தன் ரகத்தைச் சொல்லும் எண். பூஜ்யம் என்றால் பதில் இல்லை. பூஜ்யம் அல்லாத, ஆனால் எதிர்பார்த்தது அல்லாத எண் வந்தால் சிப் நலம், பெயர்தான் வேறு: 328பி என்று நினைத்து 328 வாங்கியிருப்பீர்கள்.

ஒயரைச் சரிபார்த்த பிறகு ஐஎஸ்பி வேகத்தைக் குறையுங்கள். புத்தம் புது ஏடிமெகா328பி 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும்; ஐஎஸ்பி வேகம் அதில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் ஃப்யூஸ் பிட். இது கரண்ட் ஃப்யூஸ் அல்ல; எந்தக் கிளாக்கில் ஓட வேண்டும் என்பது போன்றவற்றைச் சிப்பிலேயே எழுதி வைக்கும் அமைப்பு. உள் கிளாக்குக்கு 'ஈ2' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'ஈ0' என்று அடித்தால் போதும், சிப் வெளியிலிருந்து கிளாக் வரும் என்று வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். கிரிஸ்டல் மாட்டினாலும் நகராது. அதற்கு ஓடும் கிளாக்கையே கொடுக்க வேண்டும். இன்னொரு யூனோவின் டைமர்1-ஐ வைத்து 9-ஆம் பின்னில் 8 மெகாஹெர்ட்ஸ் எடுத்து, 28 கால் சிப்பின் 9-ஆம் காலுக்குக் கொடுங்கள். எண் ஒத்துவருவது தற்செயல், ஆனால் ஞாபகம் வைக்க வசதி. புரோகிராமராக இருக்கும் யூனோவின் 9-ஆம் பின்னில் எடுக்காதீர்கள், ஐஎஸ்பி ஸ்கெட்ச் அதை இதயத்துடிப்பு விளக்குக்கு வைத்திருக்கிறது. சிக்னேச்சர் வந்த கையோடு ஃப்யூஸைத் திருத்திவிடுங்கள்.

ரீசெட் பின்னையே முடக்கும் ஃப்யூஸை எழுதிவிட்டீர்கள் என்றால் ஐஎஸ்பி-க்கு வழியில்லை. 12 வோல்ட் புரோகிராமர் வேண்டும். ஒரு சிப்புக்காக அதை வாங்காதீர்கள். புது சிப் வாங்குங்கள்.

## புரோ மைக்ரோ, பிக்கோ: புது புரோகிராம் ஏற்றியதும் போர்ட் காணாமல் போனது

இவற்றில் யுஎஸ்பி பேசுவதே முக்கியச் சிப்தான், அதனால் புரோகிராம் தொங்கினால் போர்ட்டும் போய்விடும். புரோ மைக்ரோவில் ரீசெட்டை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் 8 விநாடி பூட்லோடர் போர்ட் தெரியும். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். பிக்கோவில் 'பூட்செல்' பட்டனைப் பிடித்தபடி கேபிளைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி வரும். அந்த வழி சிப்பின் ரோமிலேயே இருப்பதால் உங்களால் அழிக்க முடியாது.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

கடையில் வாங்கிய பழகு போர்டு என்றால் கணக்கு எளிது: ஹாட் ஏர் வேலைக்கான கூலி புது போர்டின் விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

இயந்திரத்திலிருந்து கழற்றி வந்த போர்டு வேறு. அதிலுள்ள புரோகிராம் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். 'பர்ன் பூட்லோடர்', முழு அழிப்பு இரண்டும் அதை அடித்துக்கொண்டு போய்விடும். எஸ்டிஎம்32-இல் வாசிப்புப் பூட்டை நீக்கினாலும் அதே கதி. ஏவிஆர் என்றால் முதலில் ஐஎஸ்பி வழியாக உள்ளதை வாசித்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்க முடியவில்லை என்றால் அழிக்கும் பட்டனைத் தொடாமல் போர்டைச் செய்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. அதே போர்டில் 230 வோல்ட் நுழைகிறதா, டிரான்ஸ்ஃபார்மரோ அதுபோல் பிரிக்கும் ஏற்பாடோ இல்லாமல் ஒரு பெரிய சதுரக் கப்பாசிட்டர் வழியாகச் சின்ன வோல்ட்டேஜ் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்இடி டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் போர்டுகளில் சாதாரணமாகக் காணலாம். அதன் கிரவுண்ட் நேராக வீட்டு லைனோடு சேர்ந்தது. லைனில் இருக்கும்போது எஸ்டி-லிங்கைச் செருகினால் லேப்டாப்பின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ஒரு மாணவர் அப்படிச் செருகப் போனபோது நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். கத்தியதில் தொண்டை கட்டியது. அந்த போர்டை லைனிலிருந்து முழுதாகக் கழற்றி, கப்பாசிட்டர் அடங்கியதை மீட்டரில் பார்த்து, தனி 3.3 அல்லது 5 வோல்ட் சப்ளையில் மட்டும் தொடுங்கள். அப்படிச் செய்யத் தெரியவில்லை என்றால் பவர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.